அப்பா பி.பி. மாத்திரையை நிறுத்திட்டார், "அதான் நார்மல் ஆயிடுச்சே"ங்கிறார். எப்படிப் புரிய வைக்கிறது?

#1 கொருக்குப்பேட்டைக்காரி · திங்கள் இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 61 வயசு. ஹார்பர்ல லோடு வேலை பார்த்தவர். இப்போ மாதவரம் பக்கம் ஒரு குடோன்ல நைட் வாட்ச்மேன். ரெண்டு வருஷம் முன்னாடி கண்புரை ஆபரேஷனுக்குப் போனப்போதான் பிரஷர் இருக்கிறதே தெரிஞ்சது. 168/102. முதல்ல இதைக் குறைச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40ன்னு ரெண்டு பிரஷர் மாத்திரை குடுத்தாங்க. ஒழுங்கா சாப்பிட்டார், ஆபரேஷனும் முடிஞ்சது. இந்த ஜனவரியில பார்த்தப்போ 126/80. "நார்மலா இருக்கு"ன்னு அங்க சொன்னாங்களாம். அன்னிக்கோட சரி, அதுக்கப்புறம் மாத்திரையே போடல.

மாசா மாசம் போய் வரிசையில நின்னு மாத்திரை வாங்கிட்டு மட்டும் வந்திருக்கார். அதனால எங்களுக்குச் சந்தேகமே வரல. நேத்து பீரோ மேல எதையோ தேடும்போது பிரிக்காத அட்டை எல்லாம் ஒரு கவர்ல கிடைச்சது. எனக்குக் கை நடுங்கிடுச்சு.

இன்னிக்கு மருந்துக்கடைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தேன், 174/104. கேட்டா, "தலைவலி இருக்கா, மயக்கம் இருக்கா, நல்லாத்தானே நடக்கிறேன்? கொதிப்பு கோவக்காரனுக்கு வர்றது. நான் யார்கிட்ட கோவப்பட்டேன்?" என்கிறார். அம்மாவும் அவர் பக்கம்தான். இங்கிலீஷ் மாத்திரை வருஷக்கணக்கா தின்னா கிட்னி போயிடும்னு தெருவே சொல்லுதாம். நான் கத்திட்டேன். சாப்பிடாமலே டியூட்டிக்குப் போயிட்டார்.

இந்த மனுஷனுக்கு எந்த வார்த்தையில சொன்னா ஏறும்?

#2 ராயபுரம் நர்ஸக்கா · திங்கள் இரவு 11:15

தங்கச்சி, முதல்ல அவசரமானது. நெஞ்சுவலி, மூச்சு வாங்குறது, வாய் ஒரு பக்கம் கோணுறது, பேச்சு குழறுறது, கையோ காலோ ஒரு பக்கம் மரத்துப் போறது, பார்வை திடீர்னு மங்குறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே 108. எதுவும் இல்லைன்னா நாளைக்குக் காலையில ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போங்க. விட்டுப்போனதுக்கெல்லாம் சேர்த்து ரெண்டு மூணா முழுங்க வைக்காதீங்க.

மருந்துக்கடையில நடந்து போன வேகத்துல பார்த்திருப்பீங்க. அதுவும் சண்டை போட்டுக்கிட்டு. பார்க்குறதுக்கு அரை மணி முன்னாடியிருந்து டீ, காபி, பீடி கூடாது. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடணும். முதுகு சாய்ஞ்சு, ரெண்டு காலும் தரையில படுற மாதிரி அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். கை மேசை மேல, நெஞ்சு மட்டத்துல. சட்டைக்கு மேல பட்டை கட்டக் கூடாது. பேசக் கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பார்க்கணும். இதெல்லாம் பார்த்தும் ஆஸ்பத்திரியில 140/90க்கு மேலேயே நின்னுச்சுன்னா அது பிரஷர்தான். 174ன்னா நடந்து போனதை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். நான் 28 வருஷம் வார்டுலயும் ஓ.பி.லயும் நின்னவ. வரிசையில நூறு பேர் நிக்கும்போது நாங்க "நார்மல்"னு ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பிடுவோம். "மாத்திரையால நார்மலா இருக்கு, விடாதீங்க"ன்னு முழுசாச் சொன்னா மூணு வினாடி கூட ஆகும். அந்த மூணு வினாடியை நாங்க குடுக்கிறதில்லை. உங்கப்பா காதுல விழுந்தது பாதி வார்த்தைதான்.

கடைசியா ஒண்ணு. ஏன் நிறுத்துனீங்கன்னு கேட்டீங்க, சரி. மாத்திரை போடும்போது உடம்புக்கு என்ன செஞ்சுதுன்னு கேட்டீங்களா?

#3 வண்ணைத் தமிழாசிரியர் · செவ்வாய் காலை 6:20

'கொதிப்பு' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பல காலமாக 'இரத்தக் கொதிப்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கொதிப்பு என்றாலே சூடு, கோபம், பொங்குதல். அதனால் அமைதியானவர்கள் தங்களுக்கு அது வராது என்றே நம்புகிறார்கள். மோர் குடித்தால் அடங்கும், ஏ.சி. அறையில் இருந்தால் குறையும் என்று நினைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். இரத்தம் யாருக்கும் கொதிப்பதில்லை. குழாயின் உட்சுவர் மீது இரத்தம் தள்ளுகிற விசை கூடுகிறது, அவ்வளவுதான். கோபம் வரும்போது அது சற்று நேரம் ஏறி இறங்கும். நோயாக இருப்பது அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் கூடியே நிற்கிற அழுத்தம். என் வகுப்புப் பிள்ளைகளிடம் 'இரத்த அழுத்தம்' என்றே வீட்டில் சொல்லச் சொல்கிறேன். சொல் மாறினால் பாதி புரிதல் வரும் என்பது என் நம்பிக்கை.

#4 வியாசர்பாடி ஆட்டோ · செவ்வாய் காலை 7:05

தங்கச்சி, எங்க அண்ணன் கதையை உங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டு.

அவரும் இதேதான். தலைவலி வந்தா மாத்திரை, இல்லைன்னா இல்லை. காய்ச்சல் மாத்திரை மாதிரி நினைச்சுக்கிட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பல் விளக்கும்போது வாய்ல இருந்து தண்ணி ஒரு ஓரமா வழிஞ்சுது. கை தூக்க வரல. நாங்க என்ன பண்ணோம்? வாய்வுன்னு தைலம் தேய்ச்சோம். புறா ரத்தம் தடவுனா கை கால் எழும்னு ஒருத்தர் சொல்ல, அதுக்கு ஒருத்தரை அனுப்பினோம். ஆட்டோ என்னோடது, வாசல்லயே நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மதியம் ரெண்டு மணி. அடைப்பைக் கரைக்கிற ஊசி இருக்கு, நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஸ்கேன் பார்த்துட்டுப் போடலாமான்னு யோசிச்சிருப்போம்னு டாக்டர் சொன்னார். எங்களுக்கு அது தாண்டிப் போச்சு.

அண்ணன் இப்போ உயிரோட இருக்கார். வலது கை இல்லாத மாதிரிதான். பெயிண்டர் அவர்.

#5 மூலிகை நேசன் · செவ்வாய் காலை 9:30

எல்லாரும் பயமுறுத்துறீங்க. நம்ம மண்ணுலயே மருந்து இருக்கு. சர்ப்பகந்தா வேர், மருதம்பட்டைக் கஷாயம், பூண்டு. பக்கவிளைவு கிடையாது. இங்கிலீஷ் மாத்திரைக்கு அடிமை ஆகணும்னு என்ன இருக்கு?

#6 மூலக்கடை மருந்தாளுநர் · செவ்வாய் காலை 11:10

மூலிகை நேசன் அவர்களே, சர்ப்பகந்தாவைச் சொன்னதற்கு மகிழ்ச்சி. அது உண்மையிலேயே இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தார்கள். சில காலம் அதுதான் முக்கியமான பிரஷர் மாத்திரை. பிறகு ஏன் பின்னுக்குப் போனது? மூக்கடைப்பு, சோம்பல், சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு. வேலை செய்கிற எந்த மருந்துக்கும், வேராக இருந்தாலும் வில்லையாக இருந்தாலும், பக்கவிளைவு உண்டு. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அரும்பாக்கத்திலோ தாம்பரம் சானடோரியத்திலோ உள்ள அரசு மருத்துவமனையில் படித்த சித்த மருத்துவரைப் பாருங்கள். ஏற்கனவே போடும் மாத்திரையை அவரிடம் மறைக்காதீர்கள். வேர்ப்பொடியை நாமாக அளந்து சாப்பிடுவதும், மாத்திரையோடு இரகசியமாகச் சேர்ப்பதும் ஆபத்து.

'அடிமை' என்ற சொல்லும் வேண்டாம். இந்த மாத்திரைகள் போதை தருவதில்லை. விட்டால் அழுத்தம் ஏறுவது, நோய் அங்கேயே இருப்பதால். அட்டெனலால், குளோனிடின் போன்ற சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் மட்டும் எகிறும், அவற்றை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கிட்னி பயம் பற்றி. தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். கட்டுக்குள் வராத அழுத்தமும் சர்க்கரையும்தான் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அரிக்கின்றன. என் கடையில் "பிரஷர் மாத்திரை வேண்டாம், கிட்னிக்குக் கெடுதல்" என்று சொல்கிறவர்களே மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் அட்டை அட்டையாகக் கேட்கிறார்கள். அந்த வலி மாத்திரைதான் அழுத்தத்தையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

கடையில் தினமும் பார்ப்பது இன்னும் உண்டு. மாதக் கடைசியில் "நாலே நாலு குடுங்க" என்பார்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். அப்புறம் அரசு மருத்துவமனையில் ஒரு மாதம் வெள்ளை, அடுத்த மாதம் இளஞ்சிவப்பு. மருந்து அதேதான், தயாரிப்பாளர் வேறு. பெரியவர்கள் "மாத்திரையை மாத்திட்டாங்க" என்று பயந்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள், அல்லது இரண்டையும் போடுவதில்லை. நிறத்தைப் பார்க்காதீர்கள். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

#7 எம்.சி. ரோடு சேல்ஸ் அக்கா · செவ்வாய் மதியம் 3:25

எல்லாரும் புரியாததாலதான் மாத்திரையை விடுறாங்கன்னு பேசுறீங்க. எனக்கு எல்லாம் புரியும். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். ஆனாலும் ஒரு வருஷம் ஏமாத்தினேன். காரணத்தைச் சொல்றேன்.

நான் ஒரு துணிக்கடையில பதினாலு வருஷமா நிக்கிறேன். எனக்குக் குடுத்தது நீர் மாத்திரை, குளோர்தாலிடோன். நல்ல மாத்திரைதான். ஆனா காலையில போட்டா பதினோரு மணிக்குள்ள மூணு தடவை போகணும். எங்க மாடியில பொம்பளைங்களுக்குக் கழிப்பறை இல்லை. கீழ இறங்கி, கொடவுன் வழியா போய், மேனேஜர் முகத்தைப் பார்த்துட்டுப் போகணும். கஸ்டமர் முன்னாடி புடவை விரிச்சு வெச்சிருக்கும்போது எங்க போறது? ஆடி மாசத்துல தண்ணி குடிக்கிறதையே விட்டுடுவோம். 2021ல நாங்க உக்கார்றதுக்கு சட்டம் வந்துச்சு, நாற்காலி வந்துச்சு. கழிப்பறைக்குத்தான் இன்னும் இறங்கி ஏறணும்.

அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் போடுவேன். அப்புறம் செக்கப்புக்கு முந்தின வாரம் முழுக்க ஒழுங்கா போடுவேன், திட்டு வாங்கக் கூடாதுன்னு. ரீடிங் ஓரளவு சரியா வரும். டாக்டரம்மா நல்லா இருக்குன்னு எழுதுவாங்க. ஒரு வருஷம் அவங்க ட்ரீட் பண்ணது என்னை இல்லை, அந்த ஒரு வாரத்தை.

ஒரு நாள் புது டாக்டர் ஒருத்தர், சின்னப் பொண்ணு. "அக்கா, ஒரு வாரத்துல எத்தனை நாள் விட்டுப் போகும்?"னு சாதாரணமா கேட்டுச்சு. "ஒழுங்கா போடுறீங்களா?"ன்னு கேட்டிருந்தா ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். எத்தனை நாள்னு கேட்டதும் வாய் தானா உண்மையைச் சொல்லிடுச்சு. கழிப்பறை விஷயத்தைச் சொன்னேன். திட்டல. மாத்திரையை வேற வகைக்கு மாத்திக் குடுத்துச்சு. இப்போ ரெண்டு வருஷமா ஒரு நாள் விடல.

அதனால கொருக்குப்பேட்டை தங்கச்சி, நர்ஸக்கா கேட்ட கேள்வியை உங்கப்பாகிட்ட கேளு. கத்தாம கேளு.

#8 காசிமேட்டுக் கடலோடி · செவ்வாய் இரவு 8:50

அக்கா சொன்னது கரீக்ட்டு. நம்ப பொயப்பு வேற மாதிரி. லாஞ்சுல போனா ஒரு வாரம், பத்து நாளு. கடல்ல ராவு ஏது பகல் ஏது, வலை இழுக்குற நேரந்தான் நேரம். டாக்டரு "காலைல ஒண்ணு"ன்னு எய்தி குடுத்தாரு. எந்தக் காலைன்னு நான் கேக்கல. மாத்திர உப்புத் தண்ணில நனைஞ்சு பூடும். சோத்துக்குக் கருவாடும் ஊறுகாயுந்தான். மீன்புடி தடைக்காலம், ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரிக்கும், 61 நாளு ஊட்ல கீறப்போ சம்சாரம் கையில குடுக்கும், பிரஷர் சும்மா இருக்கும். கடலுக்குப் போனா ஏறிக்கும். மூணு வருசம் இப்டியே.

இப்ப ஒயர்லெஸ் பெட்டி பக்கத்துல இறுக்கமா மூடுற டப்பால வெச்சிக்கிறேன். டீ போடுற பையன் மொத டீயோட மாத்திரைய நீட்டுவான். நாலு பேரு பிரஷர்காரங்க கீறோம் போட்ல, நாலு பேருக்கும் அவந்தான் டாக்டரு.

கண்ணு, ஒங்க நைனாவுக்கு ஒண்ணு சொல்றேன், அவரும் ஹார்பராண்ட வேலை பாத்தவரு, புரிஞ்சிக்குவாரு. நம்ப கரையோரம் ராயபுரத்துலேர்ந்து எண்ணூரு வரிக்கும் கருங்கல்லு கொட்டிக் கீறாங்க இல்ல? கல்லு இல்லாதப்போ எத்தினி ஊட்டக் கடலு வாங்கிக்கிச்சு. இப்போ அலை ஊட்டாண்ட வர்றதில்ல. அலைதான் வர்லியே, இன்னாத்துக்குக் கல்லுன்னு யாரனா லாரி வெச்சி அள்ளினு போவானா? 126ன்னு வந்துது பாரு, அது கல்லு நிக்கிதுன்னு அர்த்தம். கடலு எங்கியும் போவல.

#9 கொருக்குப்பேட்டைக்காரி · புதன் மதியம் 1:40

அண்ணா, அக்கா, சார், எல்லாருக்கும் சொல்ல வேண்டியிருக்கு.

நேத்து காலையில ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னுட்டார். ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது கடலோடி அண்ணன் எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன். ரெண்டாவது தடவை படிக்கச் சொன்னார். திருவொற்றியூர்ல அவரோட அத்தை வீடு கடல்ல போனது. அதைப் பத்தி ரொம்ப நேரம் பேசினார். அப்புறம்தான் சேல்ஸ் அக்கா சொன்ன மாதிரி மெதுவா கேட்டேன். "மாத்திரை போடும்போது உடம்புக்கு என்னப்பா செஞ்சுது?"

ஷூவைக் காட்டினார். டியூட்டி ஷூ, பின்பக்கம் பிளேடால வெட்டி விட்டிருக்கார்.

டிசம்பர்லேர்ந்து ரெண்டு கணுக்காலும் சாயந்திரம் ஆனா வீங்கியிருக்கு. ஷூ ஏறல. எங்க எதிர்வீட்டு மாமா கிட்னி ஃபெயிலியர்ல போனார், அவருக்கும் முதல்ல கால்தான் வீங்குச்சு. அப்பா தனக்கும் அதேதான்னு முடிவு பண்ணிட்டார். டாக்டர்கிட்ட சொன்னா அட்மிஷன் போடுவாங்க, வேலை போயிடும், என் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் டயாலிசிஸ்க்குப் போயிடும். அதனால யார்கிட்டயும் சொல்லல. மாத்திரையை நிறுத்தினதும் வீக்கம் வடிஞ்சுது. அதோட அவருக்கு உறுதியாயிடுச்சு. "நார்மல் ஆயிடுச்சு"ங்கிறது எங்களுக்குச் சொன்ன காரணம்தான்.

நான் அன்னிக்குக் கத்தினதை நினைச்சா தாங்கல.

இன்னிக்குக் காலையில டியூட்டி முடிஞ்சு வந்ததும் அவரே, "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா"ன்னார். பாட்டி காலத்துலேர்ந்து எங்க வீட்டுல ஸ்டான்லிக்கு அந்தப் பேர்தான். உக்கார வெச்சு ரெண்டு தடவை பார்த்தாங்க, 166/100. ரத்தம், யூரின் குடுத்திருக்கோம், ஈ.சி.ஜி. எடுத்தாச்சு.

#10 ராயபுரம் நர்ஸக்கா · புதன் மதியம் 2:05

கண்ணு, நீ கத்தினதை விடு. பீரோ மேல பார்த்தியே, அதுவே பெரிசு.

அந்த வீக்கம் அம்லோடிபினுக்கு ரொம்பப் பழகின பக்கவிளைவு. ரத்தக் குழாய் விரியறதால நீர் கால்ல இறங்கித் தேங்கும், நின்னே வேலை பார்க்கிறவங்களுக்குக் கூடுதலாத் தெரியும். பெரும்பாலும் கிட்னிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினினை ரத்தத்துலயும், புரதம் போகுதான்னு யூரின்லயும் பார்த்து உறுதி பண்ணிடணும், அதைத்தான் செய்றாங்க. அளவைக் குறைப்பாங்க, இல்லைன்னா மருந்தை மாத்துவாங்க. எனலாப்ரில்னு இன்னொரு பிரஷர் மாத்திரையில சிலருக்கு வறட்டு இருமல் வரும், அதுக்கும் இப்படித்தான் மாத்துறது. வழி இருக்கு. சொன்னாத்தான் இருக்கு.

இன்னொரு சந்தேகம். கவர்ல "காலை"ன்னு எழுதியிருக்குமே, ராத்திரி முழிக்கிற மனுஷனுக்கு எது காலை? அதையும் டாக்டர்கிட்ட கேளு. பிரிட்டன்ல 21,104 பேரை வெச்சு அஞ்சு வருஷத்துக்கு மேல பார்த்த ஆய்வு 2022ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. காலையில போட்டாலும் ராத்திரி போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்துல வித்தியாசம் இல்லைன்னுதான் முடிவு. தினமும் ஒரே நேரம், மறக்காத நேரம். அவ்வளவுதான் வேணும்.

வரிசையில நிக்க முடியலைன்னா மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் குடு. 2021 ஆகஸ்ட்லேர்ந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கிறாங்க. அப்பா பகல்ல தூங்குவார், அம்மாகிட்ட குடுக்கச் சொல்லிடு.

#11 மூலிகை நேசன் · புதன் மாலை 5:30

மருந்தாளுநர் ஐயா, ரெசர்பின் விவரம் எனக்குத் தெரியாது. நன்றி. எங்கம்மா மாத்திரையோட நான் குடுத்த வேர்ப்பொடியையும் சாப்பிடுறாங்க. இன்னிக்கே நிறுத்திட்டு நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.

#12 கொருக்குப்பேட்டைக்காரி · 23 நாள் கழித்து, வெள்ளி இரவு 9:15

கிரியேட்டினின் சரியா இருக்கு, யூரின்ல புரதம் இல்லை. அந்தச் சீட்டை அப்பா சட்டைப் பையிலேயே வெச்சிருக்கார், எதிர்வீட்டு மாமிகிட்டயும் காட்டினார். அம்லோடிபினை 2.5 ஆக்கி, டெல்மிசார்டனை 80 ஆக்கியிருக்காங்க. ராத்திரி டியூட்டிக்குக் கிளம்புற நேரத்துல, குடோன் சாவிக்கொத்து மாட்டுற ஆணியிலயே ஒரு சின்னப் பையில மாத்திரை. சாவி இல்லாம போக முடியாது, அதனால மாத்திரையும் விட்டுப் போகல. அம்மா ஊறுகாய் ஜாடியை மேல் அலமாரிக்கு ஏத்திட்டாங்க.

இன்னிக்கு 142/88. இன்னும் இறங்கணும்னு சொல்லி அடுத்த மாசம் 12ந்தேதி வரச் சொல்லியிருக்காங்க. வீக்கம் லேசா இருக்கு. புது ஷூ வாங்கிக் குடுத்தேன், ஒரு சைஸ் பெரிசு.

#13 காசிமேட்டுக் கடலோடி · வெள்ளி இரவு 9:50

நல்ல சேதி கண்ணு. தடை முடியப் போவுது, ஐஸும் டீசலும் ஏத்தினு இருக்கோம். நைனா அந்தப் பையி இன்னா துணின்னு கேட்டுச் சொல்லு. உப்புத் தண்ணி படாததா இருந்தா எங்க நாலு பேருக்கும் அது மாதிரி தைக்கணும்.